மிஷினில் உட்காராமல் லைனை நடத்துவது எப்படி: பனியன் கம்பெனி சூப்பர்வைசர்களுக்கு ஒரு கோச்சிங் கையேடு

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் லைன் சூப்பர்வைசர்கள் பெரும்பாலும் டெய்லராக இருந்து மேலே வந்தவர்கள். அதுதான் அவர்களுடைய பலம். அவர்கள் சறுக்குகிற இடமும் அதுவே. கழுத்தில் ரிப் (கழுத்துப் பட்டைத் துணி) கோணலாக ஏறுகிறது என்று செக்கிங்கில் இருந்து பீஸ் திரும்பி வந்தவுடன் சூப்பர்வைசர் என்ன செய்கிறார்? "எந்திரிங்க அக்கா" என்று டெய்லரை எழுப்பிவிட்டு, தானே உட்கார்ந்து ஐந்து பீஸ் தைக்கிறார். ஐந்தும் பிசிறில்லாமல் வருகிறது. "இப்படித்தான் தைக்கணும், பாத்தீங்கல்ல?" என்று சொல்லிவிட்டு அடுத்த மிஷினுக்குப் போய்விடுகிறார். அரை மணி நேரத்தில் அதே பழுது மறுபடியும் வருகிறது.

அந்த ஐந்து பீஸால் லைனில் யாருக்கும் எதுவும் புதிதாகத் தெரிந்துவிடவில்லை. சூப்பர்வைசரின் கைக்கு ஏற்கனவே தெரிந்த வேலையை அவர் இன்னொரு முறை செய்தார். டெய்லர் கற்றுக்கொண்டதெல்லாம் ஒன்றுதான்: பழுது வந்தால் கூப்பிட்டால் போதும், அவர் வந்து சரிசெய்துவிடுவார். இருபது டெய்லர் இருக்கும் லைனில் இப்படி இருபது பேரும் கூப்பிட ஆரம்பித்தால், சூப்பர்வைசர் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருப்பார். லைன் மட்டும் நிற்கும்.

கோச்சிங் என்பது இந்தப் பழக்கத்தை மாற்றுகிற வேலை. பதிலைச் சொல்வதற்கு முன் கேள்வியைக் கேட்பது, டெய்லரே தன் கையைக் கவனிக்கும்படி செய்வது, ஒரே ஒரு மாற்றத்தை முயன்று பார்க்கச் சொல்வது, சொன்ன நேரத்துக்கு வந்து பார்ப்பது. 1970-களில் அமெரிக்க டென்னிஸ் பயிற்சியாளர் திமோத்தி கால்வே, அடிக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பதைவிட ஆட்டக்காரரைப் பந்தைக் கவனிக்க வைப்பது நன்றாக வேலை செய்கிறது என்று காட்டினார். முன்னாள் கார் பந்தய வீரர் ஜான் விட்மோரும் அவருடன் இருந்தவர்களும் 1980-களில் பிரிட்டனில் அதை அலுவலகங்களுக்குள் கொண்டுவந்தார்கள். இலக்கு, இப்போதைய நிலை, வழிகள், முடிவு என்ற நான்கு படி அங்கிருந்து வந்ததுதான். டொயோட்டா ஆலைகளில் மேலாளர்கள் கேட்கும் கேள்விகளை ஆராய்ந்த மைக் ரோதர் அதை ஐந்து கேள்வியாக அடுக்கினார். பனியன் லைனுக்கு அந்த ஐந்தே அதிகம் பொருந்துகிறது, ஏனென்றால் அது ஒவ்வொரு முறையும் பீஸ் இருக்கும் இடத்துக்கே நம்மை இழுத்துவருகிறது.

எப்போது கேட்க வேண்டும், எப்போது சொல்ல வேண்டும்

கோச்சிங் வகுப்புக்குப் போய்வந்த சூப்பர்வைசர் முதல் வாரத்தில் செய்கிற தவறு, எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்பது. ஊசி உடைந்து கிடக்கும்போது "என்ன பண்ணலாம்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்பது கோச்சிங் ஆகாது. உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்து, ரெஜிஸ்டரில் ஒட்டி, அதற்குப் பதிலாகத்தான் புது ஊசி தர வேண்டும். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் பக்கத்தில் இருக்கும் பீஸ்களைத் தனியாக ஒதுக்கி மெட்டல் டிடெக்டருக்கு அனுப்ப வேண்டும். இதில் பேச ஒன்றுமில்லை. ஷேடு (நிறச் சாயல்) கலந்து ஓடுவது, அளவு டாலரன்ஸை (அனுமதித்த வித்தியாசத்தை) தாண்டிப் போவது, பெல்ட் கவர் இல்லாமல் மிஷின் ஓடுவது எல்லாம் இதே கணக்கு. நிறுத்துங்கள், சொல்லுங்கள், அப்புறம் ஓட்டுங்கள்.

மற்ற சமயங்களில் ஆளைப் பார்த்து முடிவு செய்ய ஒரு சின்னச் சோதனை போதும். "ஒரு பீஸ் மெதுவா தைங்க, என்ன செய்யறீங்கன்னு வாயால சொல்லிக்கிட்டே தைங்க" என்று கேளுங்கள்.

மெதுவாகத் தைத்தாலும் தப்பாக வந்தால் அவருக்கு அந்த வேலை இன்னும் தெரியவில்லை. கற்றுக்கொடுக்க வேண்டும். மெதுவாகத் தைக்கும்போது சரியாக வந்து, வேகத்தில் மட்டும் கெட்டால் வேலை தெரியும், எங்கோ ஒரு இடத்தில் தட்டுகிறது. கோச்சிங்குக்கு ஏற்ற ஆள் இவர்தான். நீங்கள் பக்கத்தில் நின்றால் வேகத்திலும் சரியாக வந்து, நகர்ந்தால் கெட்டுப்போனால், கையில் கோளாறு இல்லை. பண்டில் (வெட்டிக் கட்டிய பீஸ் கட்டு) ஒழுங்காக வருகிறதா, பீஸ் ரேட்டில் ஏதாவது மனக்குறையா, பக்கத்து மிஷினோடு சண்டையா என்று பாருங்கள். மூன்றாவது வகை ஆளை உட்காரவைத்து ரிப் ஏற்றக் கற்றுக்கொடுத்தால் அவமானமாக எடுத்துக்கொள்வார்.

தெரியாதவருக்கு: கற்றுக்கொடுக்கும் நான்கு படி

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 முதல் 1945 வரை, அமெரிக்க ஆலைகளுக்குப் புதிதாக வந்த ஆட்களைச் சீக்கிரம் தயார்செய்ய ஓர் அரசுப் பயிற்சித் திட்டம் நடந்தது. அதில் வந்த முறை இன்றும் பழசாகவில்லை: ஆளைத் தயார்படுத்து, செய்து காட்டு, செய்ய விடு, தொடர்ந்து பார். இதன் முக்கியமான பகுதி இரண்டாவது படி. வேலையை ஒரே மூச்சில் செய்து காட்டக்கூடாது. மூன்று முறை காட்ட வேண்டும்: முதல் முறை படிகளை மட்டும் சொல்லி, இரண்டாம் முறை கவனிக்க வேண்டிய இடங்களைச் சேர்த்து, மூன்றாம் முறை அந்த இடங்களுக்கான காரணத்தையும் சேர்த்து.

கழுத்து ரிப் ஏற்றுவதையே எடுத்துக்கொள்வோம். கவனிக்க வேண்டிய இடங்கள் மூன்று. ரிப் ஜாயிண்ட் சாம்பிளில் இருக்கும் இடத்தில் உட்கார வேண்டும். ரிப்பையும் கழுத்தையும் நாலு பாகமாக அடையாளம் வைத்து, அடையாளத்தோடு அடையாளம் சேர வேண்டும். இழுப்பது ரிப்பை மட்டும், பாடியை (பனியனின் உடல் பகுதித் துணியை) இழுக்கக்கூடாது. காரணம், கழுத்துச் சுற்றளவைவிட ரிப் சின்னதாக வெட்டப்பட்டிருக்கும். நாலு பாகத்திலும் இழுப்பு ஒரே அளவில் இல்லையென்றால் ஒரு பக்கம் சுருங்கி இன்னொரு பக்கம் தொங்கும். பாடியை இழுத்துவிட்டால் அலை அலையாக நிற்கும், அயர்னிங்கில் எவ்வளவு அழுத்தினாலும் உட்காராது. காரணத்தைச் சொல்லாமல் "பாடியை இழுக்காதீங்க" என்று மட்டும் சொன்னால், அவசரம் வரும்போது முதலில் பறப்பது அந்த வார்த்தைதான்.

மூன்றாவது படியில் அவர் தைக்கட்டும், மூன்று இடங்களையும் காரணத்தையும் அவர் வாயால் சொல்லட்டும். சொல்ல முடியாத இடம் எதுவோ, அங்கே நாம் சரியாகக் கற்றுக்கொடுக்கவில்லை. நான்காவது படியில் முதல் பண்டில் முடிந்ததும், பிறகு மணிக்கு ஒரு தடவை, மறுநாள் இரண்டு தடவை என்று பார்வையை மெல்லக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

பேசுவதற்கு முன் அளந்து பாருங்கள்

"வேகமா தைங்க" என்பது பனியன் கம்பெனியில் அதிகம் சொல்லப்படும் வார்த்தை. அதனால் எந்தப் பயனும் இருப்பதில்லை, ஏனென்றால் எங்கே நேரம் போகிறது என்று சொல்பவருக்கும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது. போன் ஸ்டாப்வாட்சை எடுத்து, ஒரு பீஸைக் கையில் எடுப்பதிலிருந்து தைத்து வைப்பது வரை தொடர்ந்து பத்து பீஸுக்கு நேரம் குறியுங்கள்.

இருபது டெய்லர் லைன், எட்டு மணி நேர ஷிப்ட், ஒரு டி-ஷர்ட்டுக்கு எஸ்.ஏ.எம். (ஒரு பீஸை முழுக்கத் தைக்க நிர்ணயித்த நேரம்) 7 நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 9,600 டெய்லர் நிமிஷம். நாளைக்கு 960 பீஸ், அதாவது மணிக்கு 120 வந்தால் லைன் எஃபிஷியன்சி 70 சதவீதம். கழுத்து மிஷினில் மணிக்கு 105 தான் வருகிறது. பத்து பீஸுக்குக் குறித்த நேரம் விநாடியில்: 24, 25, 23, 38, 24, 26, 41, 25, 24, 40.

சராசரி 29 விநாடி. இதை மட்டும் பார்த்தால் டெய்லர் மெதுவு என்று தோன்றும். வரிசையைத் திரும்பப் பாருங்கள். ஏழு பீஸ் இருபத்து நான்கை ஒட்டியே நிற்கிறது. மூன்று பீஸ் நாற்பதை ஒட்டிப் போயிருக்கிறது. கை வேகமாகத்தான் இருக்கிறது. அந்த மூன்று பீஸில் வேறு ஏதோ நடக்கிறது. அதை மட்டும் நிறுத்த முடிந்தால் மணிக்கு 147 ஆகும். நூல் மாற்றுவது, தண்ணீர் குடிப்பது, பண்டில் அவிழ்ப்பது என்று 15 சதவீதம் கழித்தாலும் 125 நிற்கும். தேவை 120. ஆக, இவரிடம் வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. அந்த மூன்று பீஸில் என்ன நடந்தது என்பதுதான் பேச்சு.

ஸ்டாப்வாட்சை எடுத்தவுடன் டெய்லர் முகம் மாறும். நேரம் எடுத்தால் ரேட்டைக் குறைப்பார்கள் என்ற பயம் ஊரறிந்தது, அதில் நியாயமும் இல்லாமல் இல்லை. "இந்தக் கணக்கு ரேட்டுக்கு இல்லைங்க, என் நோட்டிலயே இருக்கும்" என்று முதலிலேயே சொல்லுங்கள். சொன்னபடி நோட்டிலேயே வைத்திருங்கள். அந்தக் காகிதம் ஒருமுறை ரேட் பேச்சில் வெளியே வந்துவிட்டால், அதற்குப்பின் அந்த லைனில் கோச்சிங் செய்ய முடியாது.

இன்னொன்றையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்: பழுது ஆளுடையதா, மிஷினுடையதா? தையல் விட்டு விட்டு வந்தால் ஊசி வளைந்திருக்கலாம், ஊசி சரியான உயரத்தில் உட்காராமல் இருக்கலாம், லூப்பர் (அடி நூலைக் கோக்கும் கொக்கி) டைமிங் தவறியிருக்கலாம். துணியில் ஊசி ஓட்டை விழுந்தால் முனை மழுங்கியிருக்கலாம், துணிக்கு ஊசி பருமனாக இருக்கலாம், பனியன் துணிக்கான பால் பாயிண்ட் ஊசி இல்லாமல் இருக்கலாம், துணியே வறண்டு வந்திருக்கலாம். ஓவர்லாக்கில் தையல் அலையாக வந்தால் டிஃபரன்ஷியல் ஃபீடை (துணியை நகர்த்தும் முன், பின் பற்களின் வேக வித்தியாசத்தை) கூட்ட வேண்டும், சுருங்கினால் குறைக்க வேண்டும். மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய விஷயத்துக்கு டெய்லரிடம் பத்துக் கேள்வி கேட்பது கொடுமை. சூப்பர்வைசர் மேல் இருக்கும் மரியாதையும் அங்கேயே போய்விடும்.

பத்து நிமிஷப் பேச்சு

மிஷினை நிறுத்திவிட்டு, அங்கேயே பேசுங்கள். ஆபீஸ் கேபினுக்குக் கூப்பிட்டால் வேலையை விட்டு நிறுத்தப்போகிறார்கள் என்று லைன் முழுக்கப் பேச்சாகிவிடும். நின்றபடி மேலிருந்து பேசாமல், ஒரு ஸ்டூல் இழுத்துப்போட்டு உட்காருங்கள். கையில் பீஸ் இருக்க வேண்டும். கேள்விகள் ஐந்து: எங்கே போய்ச் சேரணும், இப்போ எங்கே இருக்கோம், எது தடுக்குது, முதலில் எதை மாத்திப் பார்க்கலாம், எப்போ வந்து பார்க்கட்டும். பேச்சில் வரும்போது இப்படி இருக்கும்:

"அக்கா, மணிக்கு எத்தனை ஓடுதுங்க?"

"நூறு, நூத்தஞ்சு வருங்க."

"லைன் நிக்காமப் போகணும்னா?"

"நூத்திருவது கேட்டீங்க."

"எந்த எடத்துல கை நிக்குதுங்க?"

"கை எங்கீங்க நிக்குது? தைச்சுட்டேதான் இருக்கறன்."

"சரிங்க. இதப் பாருங்க, உங்க கைதான்." (போனில் எடுத்த ஒரு நிமிஷ வீடியோவைக் காட்டுகிறார். பேசவில்லை.)

"...அட, ரிப்பு ஒட்டிக்கிட்டு வருதுங்க. ரெண்டு மூணு சேந்து வந்துருது. பிரிக்கறதுக்குள்ள..."

"ம்ம். அதுக்கு என்ன பண்ணலாம்?"

"கைமடிப் புள்ள பிரிச்சு அடுக்கிக் குடுத்தா ஆகுங்க." (கைமடி என்பது டெய்லருக்கு உதவும் ஆள்.)

"வேற?"

"வேற... மடில வெச்சுருக்கறன்லங்க, அதனால கசங்கிப்போய் ஒட்டுது. இந்தப் பக்கம் டேபிள் மேல வெச்சா ஒண்ணொண்ணா வரும்."

"இன்னிக்கு எத மொதல்ல பாக்கலாம்?"

"டேபிள் மேல வெச்சுப் பாக்கறனுங்க."

"நான் எப்ப வரட்டும்?"

"டீக்குப் பின்னாடி வாங்க."

இதில் நடந்ததைக் கவனியுங்கள். "தைச்சுட்டேதான் இருக்கறன்" என்று அவர் சொன்னபோது சூப்பர்வைசர் மறுக்கவில்லை, கணக்கு நோட்டை விரிக்கவில்லை. மறுத்திருந்தால் அது வாக்குவாதமாகியிருக்கும். வீடியோவில் பேசியது அவருடைய கை. அடுத்தது "வேற?" என்ற ஒற்றைச் சொல். முதலில் வந்த வழி இன்னொருவருக்கு வேலை வைக்கிறது. இரண்டாவது வழி அவர் கையிலேயே இருக்கிறது, காசும் ஆகாது. முதல் பதிலைப் பிடித்துக்கொண்டு கைமடியைத் தேடி ஓடியிருந்தால் இரண்டாவது வந்திருக்காது. பெரும்பாலும் நல்ல பதில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோதான் வரும்.

தேர்ந்தெடுத்தது ஒன்று மட்டும். இரண்டு மாற்றத்தை ஒரே நேரத்தில் செய்தால் எது பலித்தது என்று தெரியாமல் போகும்.

கேள்வி கேட்பதில் கெடுகிற இடங்கள்

"ஏன் இப்படி வந்துச்சு?" என்று கேட்டால் நம் ஊரில் அது கேள்வியாகக் காதில் விழாது. திட்டு என்று எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வார்கள், அல்லது கட்டிங்கைக் கைகாட்டுவார்கள். "எந்த எடத்துல இருந்து கோணலாகுது?", "எத்தனாவது பீஸ்ல ஆரம்பிச்சுது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் பீஸைப் பற்றியதாக இருக்கும்.

"ரிப்ப டேபிள் மேல வெச்சா நல்லா இருக்கும்ல?" என்பதும் கேள்வி இல்லை. அது உத்தரவு, கடைசியில் ஒரு கேள்விக்குறி ஒட்டியிருக்கிறது. டெய்லர் "ஆமாங்க" என்பார். நீங்கள் நகர்ந்ததும் ரிப் மடிக்குப் போய்விடும். உங்களுக்குப் பதில் உறுதியாகத் தெரிந்தால், நேரமும் இல்லையென்றால், நேராகவே சொல்லிவிடுங்கள். மறைத்துக் கேட்பதைவிட அது நேர்மை.

"நீங்களே சொல்லுங்க, செஞ்சுபோடறன்" என்ற பதில் நிச்சயம் வரும். மரியாதையாலும் வரும், சொன்னது தப்பாகப் போனால் தன் தலையில் விழும் என்ற பயத்தாலும் வரும். இங்கே இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, பேசாமல் இருப்பது. மனசுக்குள் ஏழு எட்டு எண்ணுங்கள். அந்த அமைதி சூப்பர்வைசருக்குத்தான் கஷ்டம், டெய்லருக்கு இல்லை. இரண்டாவது, கேள்வியைச் சுருக்குவது. "மொதல்ல கைக்கு வர்றது ரிப்பா, பாடியா?" என்ற மாதிரி, பீஸைப் பார்த்தே பதில் சொல்லக்கூடிய கேள்வி. அப்படியும் வரவில்லையென்றால் இரண்டு வழியை நீங்களே சொல்லி, ஒன்றை அவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் மூன்றாவது வழியை அவர்களே சொல்ல ஆரம்பிப்பார்கள்.

அவர் சொன்ன வழி சரிவராது என்று உங்களுக்குத் தெரிகிறது என்று வையுங்கள். பீஸ் கெடாது, ஆளுக்கு ஆபத்தில்லை என்றால் அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். பலிக்காத வழியைத் தானே கண்டுபிடித்த டெய்லர் அடுத்த வழியை ஆர்வமாகத் தேடுவார். ஷிப்மெண்ட் பீஸ் கெடும் என்றால் மட்டும் தடுங்கள், காரணத்தோடு.

சொன்ன நேரத்துக்குப் போங்கள்

டீக்குப் பின் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் விட்டால், மேலே செய்த அத்தனையும் வீண். இந்த முறை லைனில் செத்துப்போவது பெரும்பாலும் இங்கேதான். போய், மறுபடி பத்து பீஸுக்கு நேரம் எடுங்கள். நாற்பது விநாடி பீஸ்கள் குறைந்திருக்கின்றனவா? "என்ன நெனைச்சீங்க, என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். பலித்திருந்தால் அவர் சொல்லட்டும். பலிக்கவில்லையென்றால் ஆளைப் பற்றிப் பேச வேண்டாம், "அப்ப தடுக்கறது வேற எதோ இருக்குது, எது?" என்று மூன்றாவது கேள்விக்குத் திரும்புங்கள்.

நோட்டில் ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். தேதி, ஆபரேஷன், எண்ணிக்கை, தடை, முயன்றது, நடந்தது. ஆறு கட்டம் போதும். கம்ப்யூட்டர் படிவமாக்கினால் அதை நிரப்புவதே வேலையாகிவிடும்.

பாராட்டும் குறையும் அதே பண்டில் கையில் இருக்கும்போதே சொல்லப்பட வேண்டும். "நல்லாப் பண்றீங்க" என்பதைவிட "இந்த 24 பீஸ்லயும் ரிப் ஜாயிண்ட் ஒரே எடத்துல உக்காந்துருக்குதுங்க" என்பது நிற்கும். குறையும் அப்படியே: "24-ல 3 பீஸ்ல ஜாயிண்ட் அரை இன்ச் தள்ளிப் போயிருக்குது." பழுது பீஸை உயர்த்திப் பிடித்து லைனுக்கே காட்டுவது இன்னும் சில கம்பெனிகளில் நடக்கிறது. அதற்குப் பின் டெய்லர்கள் செய்வது பழுதைக் குறைப்பது அல்ல, பழுது பீஸைப் பண்டிலின் நடுவில் ஒளிப்பது.

பீஸ் ரேட் ஆட்களுக்கு

ஷிப்ட் சம்பள ஆளுக்குப் பத்து நிமிஷப் பேச்சில் நஷ்டம் இல்லை. பீஸ் ரேட் ஆளுக்கு அந்தப் பத்து நிமிஷம் அவர் காசு. அதற்கும் மேல், கை பழகிய முறையை மாற்றினால் முதல் ஒன்றிரண்டு நாள் எண்ணிக்கை இறங்கத்தான் செய்யும். மத்தியானத்துக்குள் அவர் பழைய முறைக்குத் திரும்பிவிட்டால் அது பிடிவாதம் இல்லை, சனிக்கிழமைச் சம்பளக் கணக்கு. முறை மாற்றிப் பார்க்கும் நாட்களுக்கு அவருடைய வழக்கமான சராசரிக் கூலியைக் கம்பெனி உறுதி செய்ய வேண்டும். காண்ட்ராக்டர் மூலம் ஓடும் லைன் என்றால் காண்ட்ராக்டரிடம் இதை முதலிலேயே பேசி முடியுங்கள். இதற்குச் சம்மதம் கிடைக்காத இடத்தில் பண்டில் வராமல் மிஷின் சும்மா நிற்கும் நேரத்தில் மட்டும் பேசுங்கள், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

வாரக் கணக்கு

இருபது பேரிடமும் தினம் பேச முடியாது, தேவையும் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு பேர், ஆளுக்குப் பத்து நிமிஷம். வாரத்துக்குப் பன்னிரண்டு பேச்சு, இரண்டு வாரத்துக்குள் லைன் முழுக்க ஒரு சுற்று வந்துவிடும். முதல் இடம் லைனை நிறுத்துகிற ஆபரேஷனுக்கு. திங்கட்கிழமை காலை வேண்டாம், ஆள் வராத மிஷினை நிரப்பவே நேரம் போய்விடும். சனிக்கிழமை சாயங்காலம் யார் காதிலும் ஏறாது. ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாட்களில் கடைசி நாலு மணி நேரத்தில் தொடாதீர்கள். வேலை ஆரம்பித்து ஒரு மணி நேரம் கழித்து, காலை டீக்கு முன் பேசி, டீக்குப் பின் போய்ப் பார்ப்பது நன்றாக ஒத்துவரும்.

தமிழ் தெரியாத டெய்லர்களிடம்

ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் லைனில் பாதி இருக்கும்போது, பேச்சை நம்பிய கோச்சிங் பாதி லைனோடு நின்றுவிடும். பீஸை வைத்துக் கேளுங்கள். நல்லது, பழுது, இரண்டுக்கும் நடுவில் இருப்பது என்று கலந்து பத்து பீஸைக் கொடுத்து, இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். அவர் பிரிக்கும் விதமே அவர் கண்ணுக்கு எது பழுதாகப் படுகிறது என்று சொல்லிவிடும். நடுவில் இருக்கும் பீஸை நல்லது பக்கம் வைத்தால், அவர் அலட்சியமாக இல்லை, அவருக்கு யாரும் அந்த எல்லையைக் காட்டவில்லை. வீடியோவுக்கும் மொழி வேண்டாம். 'கித்னா' (எவ்வளவு), 'கஹான்' (எங்கே), 'திகாயியே' (காட்டுங்கள்) என்று நாலைந்து இந்தி வார்த்தை பழகிக்கொள்வது கடினமில்லை. 'தூ' (நீ) என்று பேச வேண்டாம், 'ஆப்' (நீங்கள்) என்றே பேசுங்கள். உள்ளூர் அக்காவுக்கு 'ங்க' போடுகிறோம் அல்லவா? மொழிபெயர்க்க ஓர் ஆளை வைத்தால், திட்டு சொல்லி அனுப்ப அவரைப் பயன்படுத்தாதீர்கள். அவர் அவர்களோடு ஒரே ரூமில்தான் ராத்திரி தூங்க வேண்டும்.

ஆண் சூப்பர்வைசர் பெண் டெய்லரிடம் பேசும்போது எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில், மிஷின் பக்கத்தில் பேசுவது இருவருக்கும் நல்லது. புகாரை வாங்கிக்கொள்ளும் வேலையையும் கோச்சிங்கோடு கலக்கக்கூடாது. பாலியல் தொந்தரவு பற்றிய புகார் 2013 சட்டப்படி உள்புகார்க் குழுவுக்குப் போக வேண்டியது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் அந்தக் குழு இருந்தாக வேண்டும். சூப்பர்வைசர் அதைத் தானே பேசித் தீர்க்கப் பார்க்கக்கூடாது.

ஆளை வளர்ப்பது

பழுதைக் குறைப்பது பாதி வேலை. ஒரு சார்ட்டில் பக்கவாட்டில் பெயர்கள், மேலே ஆபரேஷன்கள் எழுதுங்கள். தெரியாது 0, பக்கத்தில் ஆள் வேண்டும் 1, தனியாகத் தைப்பார் 2, டார்கெட் எடுப்பார் 3, பிறருக்குக் கற்றுக்கொடுப்பார் 4. ஒரே ஒருவர் மட்டும் 3 எடுத்திருக்கும் ஆபரேஷன் எதுவோ, அவர் லீவு போடும் நாளில் லைன் அங்கே நிற்கும். அடுத்து யாரைத் தயார்செய்வது என்று சார்ட்டே காட்டும். ஆனால் ஆளைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். ஓவர்லாக் டெய்லர் பேட்லாக் (தட்டைத் தையல் போடும் ஃப்ளாட்லாக் மிஷின்) பழக ஆசைப்படலாம். கைமடியாக இருப்பவர் டெய்லர் ஆக நினைக்கலாம். குழந்தைக்காக ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டிய அக்கா இப்போதைக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லலாம், அதுவும் பதில்தான்.

கைமடியை டெய்லராக்க முதலில் நூல் கோக்காமல் காகிதத்தில் கோடு போட்டு ஓட்டவிடுங்கள்: நேர்கோடு, வளைவு, சதுர மூலை. ஊசித் துளை கோட்டின் மேலேயே விழுகிறதா, மூலையில் சரியாக நிற்கிறதா என்பதுதான் பரீட்சை. பெடலில் கால் கட்டுப்பட்ட பிறகு நூல் கோத்து வெட்டுத் துணி, அப்புறம் சைடு போன்ற நேர்த் தையல், கடைசியாகக் கழுத்தும் கையும். சாப்பாட்டு நேரத்தில் பழகிக்கொள் என்று விட்டால் மூன்றாவது நாள் நின்றுவிடும். வேலை நேரத்தில் தினம் அரை மணி நேரம், கூலியோடு கொடுங்கள். கற்றுக்கொடுக்க 4 எடுத்த டெய்லரை உட்காரவையுங்கள். அவருக்கும் அது வளர்ச்சி.

பலிக்கிறதா என்று பார்க்க

லைன் அவுட்புட்டை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், ஸ்டைல் மாறினாலே அது மாறும். நாலு வாரத்துக்கு மூன்று கணக்கு வையுங்கள். ஒரே ஆளிடம் ஒரே பழுது எத்தனை முறை திரும்பி வந்தது. 'இங்க வாங்க' என்று ஒரு நாளில் எத்தனை முறை கூப்பிட்டார்கள். நீங்கள் மிஷினில் உட்கார்ந்த நிமிஷம் எத்தனை. கோச்சிங் வேலை செய்கிறது என்றால் முதலில் குறைவது மூன்றாவது. இரண்டாவது ஆரம்பத்தில் கூடவும் செய்யலாம், முன்பு ஒளித்த பழுதை இப்போது தைரியமாகக் காட்டுவார்கள். அப்போது புரொடக்‌ஷன் மேனேஜர் பதறாமல் இருக்க, இதை அவரிடம் முன்பே சொல்லிவையுங்கள். மணிக்கு மணி எண்ணிக்கை எழுதும் போர்டு முன் நின்று அவர் கத்தினால் உங்கள் பத்து நிமிஷப் பேச்சு அன்றைக்குக் கரைந்துபோகும். அதே ஐந்து கேள்வியை அவர் உங்களிடம் கேட்கும்படி பழக்க முடிந்தால் இன்னும் நல்லது.

ஒரே தடைக்கு மூன்று முறை முயன்றும், மிஷினைப் பார்த்தும், பண்டிலைப் பார்த்தும், ரேட்டைப் பார்த்தும் எண்ணிக்கை அசையவில்லை என்றால், ஆபரேஷனை மாற்றிக் கொடுங்கள். கழுத்தில் திணறுகிறவர் சைடில் நன்றாக ஓட்டுவது சகஜம். அங்கும் ஆகவில்லையென்றால் நோட்டில் இருக்கும் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு எச்.ஆர். முன்னால் பேசலாம். என்ன முயன்றோம், என்ன நடந்தது என்று தேதியோடு இருப்பதால், அந்தப் பேச்சில் யார் மேலும் பழி போட வேண்டியிருக்காது.